தாஜுஸ்ஸிர் மறித்த வண்டி

நோன்பு மாதத்து மாலைகளில் தலைநகரத்து அர்க்கவீத் பகுதியில் எங்கள் தெருப் பக்கம் வண்டி ஓட்டி வருகிறவர்களில் விவரம் தெரிந்தவர்கள் முந்தின தெருவிலேயே திரும்பிவிடுவார்கள். தெரியாதவர்கள் தாஜுஸ்ஸிரிடம் மாட்டிக்கொள்வார்கள். பாங்குக்குக் கொஞ்ச நேரம் இருக்கும்போது அவர் தலைப்பாகையை அவிழ்ப்பார். நீளமான வெள்ளைத் துணி. ஒரு முனையை மின்கம்பத்தில் கட்டி, மறுமுனையைக் கையில் பிடித்துக்கொண்டு, வழுக்கைத் தலையோடு நடுத்தெருவில் நின்றுவிடுவார். டாக்ஸியோ லாரியோ கழுதை வண்டியோ, எதுவானாலும் நிற்க வேண்டும். இறங்கிப் பாயில் உட்கார்ந்து நோன்பு திறந்துவிட்டுத்தான் போக வேண்டும். அவசரம் என்று சொல்கிறவர்களிடம், அப்படியானால் அவசரமாகச் சாப்பிடுங்கள் என்பார்.

தெருமுனையில் மளிகைக்கடை வைத்திருந்த பாபிக்கர் ஒவ்வொரு வருஷமும் புதிதாக வருகிறவர்களிடம் சொல்வது இது: "பொணத்தைத் தூக்கிட்டுப் போறவன் இவர்கிட்ட மாட்டினாலும் ரெண்டு வாய் தின்னுட்டுத்தான் போகணும். அந்தப் பொணம் நோன்பு வச்சிருந்துச்சான்னு வேற கேப்பாரு."

இந்த வழக்கம் தலைநகரத்துக்காரர்களுடையது இல்லை. ஜசீரா கிராமங்களில் நெடுஞ்சாலையை இப்படித்தான் மறிப்பார்கள். தாஜுஸ்ஸிர் வாலிபத்திலிருந்தே அந்தப் பக்கத்து வாத் மதனி வழித்தடத்தில் பேருந்து ஓட்டியவர். வண்டி நிறைய ஆட்களோடு அவரை மறித்து இறக்கி, எந்த ஊர், என்ன குலம் என்று கேட்காமல் சோறு போட்ட கிராமங்களை அவர் கடைசி வரை பேர் பேராகச் சொல்வார். கண்பார்வை குறைந்து நெடுஞ்சாலையை விட்ட பிறகு, நகரத்துக்குள் ஒரு பழைய ஹையேஸ் வேனை ஓட்டிக்கொண்டு எங்கள் தெருவில் குடியேறினார். வந்த முதல் நோன்பிலேயே துணியைக் கட்டிவிட்டார். கதவைச் சாத்திக்கொண்டு நோன்பு திறக்கிறவனை அவர் மனுஷக் கணக்கில் சேர்ப்பதில்லை. அவருக்குப் பயந்தே மொத்தத் தெருவும் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வரப் பழகியது. நாங்களும் பழகினோம்.

பிள்ளைகள் இல்லை. மனைவி நிமாத். புருஷனை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை, "டிரைவரே" என்பாள். அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. சனிக்கிழமையும் புதன்கிழமையும் நகரத்துக்குள் இருந்த ஒரு சிகிச்சை மையத்தில் டயாலிசிஸ். ஒரு தடவை தவறினால் கால் வீங்கும். இரண்டு தடவை தவறினால் என்ன ஆகும் என்று டாக்டர் தாஜுஸ்ஸிரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். தண்ணீர்கூட அளவுதான், நாளெல்லாம் சேர்த்துச் சில தேநீர்க் குவளைகள். "உங்களுக்கெல்லாம் ஒரு மாசம் நோன்பு, எனக்கு வருஷம் பூரா" என்று என் மனைவியிடம் சொல்லிச் சிரிப்பாள். ஆனால் தெருவிலேயே ஹிலு முர் அவள் கையில்தான் சரியாக வரும். சோளத்தை முளைகட்டி, மசாலா சேர்த்து, தகடு தகடாகச் சுட்டு, ஊறவைத்து வடிக்கிற சிவப்புப் பானம். நாக்கு நுனியில் மட்டும் தொட்டுப் பதம் பார்த்துவிட்டு ஜாடி ஜாடியாக வெளியே அனுப்புவாள்.

அந்த வருஷம் சண்டை வரும் என்ற பேச்சு நோன்புக்கு முன்பே இருந்தது. ஒரே நாட்டில் ராணுவம் என்று ஒன்று, துணைப்படை என்று இன்னொன்று, இரண்டுக்கும் ஆளுக்கொரு தளபதி. சேர்ந்து ஆட்சியைப் பிடித்தவர்கள், இப்போது யாருக்குக் கீழே யார் என்று முறைத்துக்கொண்டு நிற்கிறார்கள் என்பது தேநீர் விற்கிற பெண்களுக்கும் தெரியும். எப்படியும் பெருநாள் முடியும்வரை ஒருவரும் சுட மாட்டார்கள் என்று எல்லோரும் சொன்னோம். நானும் அதைத்தான் வீட்டில் சொல்லி வைத்திருந்தேன்.

நோன்பின் கடைசிப் பத்தில் ஒரு சனிக்கிழமை. காலையில் நிமாத் தோப் துணியைச் சுற்றிக்கொண்டு ஹையேஸில் ஏறி உட்கார்ந்தாள். வண்டி பெரிய சாலையைத் தொடுவதற்குள், துணைப்படை முகாம் இருந்த விளையாட்டு நகரத்துப் பக்கமிருந்து சத்தம் கேட்டது. ஏதோ பட்டறையில் தகரம் தட்டுகிறார்கள் என்றுதான் தாஜுஸ்ஸிர் முதலில் நினைத்தாராம். சாலையில் ஆட்கள் எதிர்த்திசையில் ஓடிவந்தார்கள். முகாமுக்கு மேலே கறுப்பாகப் புகை. ஒரு விமானம் கூரைகளை உரசுகிற மாதிரித் தாழப் போனது. அவர் வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார், இன்ஜினை அணைக்கவில்லை. நண்பகலுக்குள் அடங்கிவிடும், அடங்கியதும் போய்விடலாம் என்றார். நிமாத்தும் இறங்காமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தாள். வெயில் ஏறின பிறகுதான் என் மனைவி போய்க் கைபிடித்து உள்ளே கூட்டி வந்தாள். மையத்துக்கு போன் போட்டதில், இயந்திரம் ஓடுகிறது, வந்துவிட்டவர்களுக்குப் போட்டுக்கொண்டிருக்கிறோம், எப்படியாவது நாளைக்குள் வந்துவிடுங்கள் என்றார்களாம்.

சத்தம் அடங்கவில்லை. பிற்பகலில் குழாயில் தண்ணீர் நின்றது. அந்த மாலை ஒருவரும் வெளியே வரமாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். கதவு இடுக்கு வழியாகப் பார்த்தால் தாஜுஸ்ஸிர் பாயை விரித்துக்கொண்டிருந்தார், எப்போதும் போடுகிற அதே இடத்தில். பாபிக்கர் கடைக்குள்ளிருந்தே பேசிப் பார்த்தார். இன்றைக்கு ஒரு நாள் உள்ளே வைத்துக்கொள்வோம், படைத்தவன் கோபித்துக்கொள்ள மாட்டான் என்றார். தாஜுஸ்ஸிர் தலைப்பாகையை அவிழ்த்தார். அதற்குமேல் உள்ளே இருப்பது வெட்கமாகிவிட்டது. ஒவ்வொருவராகத் தட்டோடு வெளியே வந்தோம். பயத்தில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

பாங்குக்குச் சற்று முன்னால் தெருவுக்குள் ஒரு பிக்கப் வேகமாகத் திரும்பியது. பின்னால் பெரிய துப்பாக்கி பொருத்திய வண்டி. மேலே மண்ணைப் பூசியிருந்தார்கள். துணைப்படைக்காரர்களின் மணல் நிற உடை. விமானத்துக்குப் பயந்து சந்துக்குள் ஒதுங்க வந்தவர்கள். துணி குறுக்கே கிடந்தது. மறுமுனையில் தாஜுஸ்ஸிர் நின்றார். வண்டி அவர் முழங்கால் வரை வந்துதான் நின்றது.

துணியை விடுங்கள் என்று யாரோ பின்னாலிருந்து முனகியது கேட்டது. அவர் விடவில்லை. இத்தனை வருஷம் மற்றவர்களிடம் எந்தக் குரலில் சொன்னாரோ அதே குரலில், "நேரமாச்சு தம்பி, இறங்குங்க. சாப்பிட்டுட்டுப் போய்ச் சண்டை போடலாம்" என்றார்.

முன்சீட்டில் இருந்தவனுக்கு முப்பது வயது இருக்காது. புஜத்தில் வரிசையாகத் தோல் தாயத்துகள். எங்களையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தான். பிறகு சிரித்துவிட்டான். மற்றவர்களை இறங்கச் சொன்னான். காலணிகளைக் கழற்றி வைத்து, துப்பாக்கிகளை மடியில் போட்டுக்கொண்டு எங்களோடு உட்கார்ந்தார்கள். பாங்கு சொன்னதும் எங்களோடு சேர்ந்தே பேரீச்சம்பழத்தை எடுத்தார்கள். ஒரே தட்டில் அசீதாக் களியைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்துத் தின்றோம். ஹிலு முர் ஜாடி இரண்டு முறை சுற்றி வந்தது. அந்த முன்சீட்டு ஆள், பெயர் கிதிர், மேற்கே கொர்தொஃபான் பக்கம், குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். தன் அம்மா போடுகிற மாதிரி இருக்கிறது என்றான். மேலே விமானம் போனது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். கை மட்டும் தட்டிலிருந்து எழவில்லை.

தாஜுஸ்ஸிர் அப்போதுதான் மனைவியைப் பற்றிச் சொன்னார். கேட்கவேண்டும் என்று திட்டம் போட்டுக் கேட்டதில்லை அது. சாப்பிட்ட இடத்தில் எல்லோரும் குடும்பத்தைப் பற்றிப் பேசுவதுபோல வந்த பேச்சு. கிதிர் கையைத் துடைத்துக்கொண்டான்.

"கவலைய விடுங்க ஹாஜி. காலையில நான் வர்றேன். நானே கூட வந்து ஆஸ்பத்திரி வாசல்ல இறக்கி விடுறேன்."

அவர்கள் போனதும் பாபிக்கர் வந்து தாஜுஸ்ஸிர் கையைப் பிடித்துக்கொண்டார். நகரத்துக்குள் பாதி ராணுவத்தின் கையில் இருக்கிறது, அவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போனால் அவர்கள் உங்களையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள் என்றார். வழி விடச்சொல்லி அவன் சாவடிகளுக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினால் போதும், ஆளாக வரவேண்டாம் என்று சொல்லுங்கள் என்றார். நிமாத்தும் வாசலில் நின்றபடி அதையேதான் சொன்னாள்.

"ஆஸ்பத்திரிக்கு என்னைய கூட்டிட்டுப் போறீரா, துப்பாக்கிய கூட்டிட்டுப் போறீரா, டிரைவரே?"

அவரால் முடியவில்லை. நம் தட்டில் சாப்பிட்டவன் நமக்குத் துணைக்கு வருகிறேன் என்று வாய்விட்டுச் சொன்ன பிறகு வராதே என்று சொல்வது, உனக்குப் போட்ட சோறு தூண்டில் புழுதான் என்று சொல்வதற்குச் சமம். இதை அவர் என்னிடம் விளக்கிச் சொன்னபோது, சரிதான் என்று நானும் தலையாட்டினேன். அந்தத் தெருவில் அத்தனை காலம் இருந்ததில் எனக்கும் அது சரி என்றுதான் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிதிர் சொன்னபடி வந்தான், தனியாக. அன்றைய பயணத்தை நிமாத் பிறகு என் மனைவியிடம் சொன்னாள், தாஜுஸ்ஸிர் என்னிடம் சொன்னார். இரண்டும் பெரும்பாலும் ஒத்துப்போகிறது. துணைப்படைச் சாவடிகளில் கிதிர் தலையை வெளியே நீட்டினால் போதும், கயிறு இறங்கியது. ஒரு இடத்தில் அவன் ஆட்கள் நிமாத்துக்காக வண்டி ஜன்னலில் நிழலுக்குத் துணி கட்டிக் கொடுத்தார்கள். வழியெல்லாம் அவன் தன் அம்மாவைப் பற்றியும் ஒட்டகங்களைப் பற்றியும் பேசிக்கொண்டே வந்தான். மையம் இருந்த சாலை தூரத்தில் தெரிந்தது. அதற்கு முன்னால் ஒரு ரவுண்டானா. அதன் அந்தப் பக்கம் ராணுவம் மணல் மூட்டை அடுக்கியிருந்தது.

தாஜுஸ்ஸிர் வண்டியை ஒரு வேப்பமரத்து நிழலில் நிறுத்தினார். நேராகச் சொல்ல வாய் வரவில்லை. "நோன்பு வேற, வெயில் வேற. நீ இங்கயே இரு தம்பி, இவளை விட்டுட்டு வந்துடுறேன்" என்றார்.

கிதிருக்கு அது புரியவில்லை, அல்லது புரிந்தும் ஒப்பவில்லை. "வாசல்ல இறக்கி விடுறேன்னு சொன்னேன் ஹாஜி. பாதியில விட்டுட்டு வந்தேன்னா எங்கம்மா என்னைய வீட்டுக்குள்ள விடாது." சட்டையைக் கழற்றிச் சீட்டுக்கு அடியில் திணித்தான். உள்பனியனோடு உட்கார்ந்துகொண்டு, போங்கள் என்றான். துப்பாக்கி காலடியில் இருந்தது. தாயத்துகள் புஜத்தில் இருந்தன. அவரும் கியரைப் போட்டார்.

ரவுண்டானாவைச் சுற்றுவதற்குள் ஒலிபெருக்கியில் நிற்கச் சொன்னார்கள். நின்றார். இறங்கச் சொன்னார்கள். முதலில் தாஜுஸ்ஸிர் கைகளைத் தூக்கிக்கொண்டு இறங்கி, நோயாளி என்று கத்தினார். அடுத்த கதவு திறந்தது. கிதிர் இறங்கியபோது கையில் துப்பாக்கி இருந்தது என்கிறார் தாஜுஸ்ஸிர். இல்லை, காலில் இடறி அது ரோட்டில் விழுந்தது, அந்தச் சத்தத்தில்தான் சுட ஆரம்பித்தார்கள் என்கிறாள் நிமாத். எப்படியோ, சுட்டார்கள். கிதிர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். தாஜுஸ்ஸிர் அவனைத் தூக்கப் போனார். முன்கண்ணாடி உடைந்து கொட்டியது. நிமாத் உள்ளே தரையில் கிடந்தாள். அவர் ஏறி, வண்டியைப் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு வேப்பமரத்தைத் தாண்டினார். கிதிர் அவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தானாம். கையை ஆட்டினான், போங்கள் என்று ஆட்டினானா நில்லுங்கள் என்று ஆட்டினானா தெரியவில்லை என்றார். இதைச் சொல்லும்போதெல்லாம் அவர் தன் கையை அதே மாதிரி ஆட்டிக் காட்டி, உனக்கு எப்படித் தெரிகிறது என்று கேட்பார்.

"நல்ல புள்ள. கொஞ்சம் பொல்லாதவனா இருந்திருந்தா வீட்டோட படுத்துத் தூங்கியிருப்பான்" என்றாள் நிமாத்.

வந்த வழியே திரும்ப முடியாது. கிதிரோடு போன வண்டி கிதிர் இல்லாமல் வந்தால் ஒவ்வொரு சாவடியிலும் கேட்பார்கள். சந்து சந்தாக நுழைந்து அஸர் தொழுகை நேரத்துக்கு வீடு வந்து சேர்ந்தார்கள். மறுநாள் அவன் ஆட்கள் வந்தார்கள். நம் தட்டில் சாப்பிட்ட அதே ஆட்கள். பாபிக்கர் கதவைத் தாழிட்டுக்கொண்டார், நானும்தான். தாஜுஸ்ஸிர் வெளியே போய் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னது ஜன்னல் வழியாகக் கேட்டது. அவர்கள் அடிக்கவில்லை. அதில் வயதில் மூத்தவன் மட்டும் பேசினான்.

"உங்க சோத்தத் தின்னோம், அதனால உயிரோட விடுறோம் ஹாஜி. அவன கூட்டிட்டுப் போனீங்க, கூட்டிட்டு வரல. இனிமே உங்க வேனு எங்க சாவடிப் பக்கம் வந்தா நாங்க கேக்க மாட்டோம், சுடுவோம்."

அந்தப் பக்கம் ராணுவம், இந்தப் பக்கம் இவர்கள். புதன்கிழமை வந்தது. பாபிக்கரின் மைத்துனன் தன் வண்டியில் கூட்டிப் போகிறேன் என்று முன்வந்தான். பெரிய சாலை வரை போய், அங்கே எரிந்துகொண்டிருந்த பேருந்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டான். தாஜுஸ்ஸிர் மையத்துக்குத் திரும்பத் திரும்ப போன் செய்தார். கடைசியாகக் கிடைத்தபோது ஒரு நர்ஸ் எடுத்து, டீசல் தீர்ந்தது, தண்ணீரும் இல்லை, நாங்களே கட்டடத்துக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறோம், வராதீர்கள் என்றாள். அதன் பிறகும் அவர் ரோட்டைப் பற்றித்தான் பேசினார். போர்நிறுத்தம் என்று வானொலியில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை சொன்னார்கள். ஒவ்வொரு தடவையும் வாசலுக்கு வந்து காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார். எந்தத் திருப்பத்தில் இறங்கலாம், எந்தப் பாலத்துக்கடியில் போகலாம் என்று எங்களிடம் யோசனை சொல்வார். நாங்களும் ஆமாம் போடுவோம்.

நிமாத்தின் முகம் ஊதிவிட்டது. படுத்தால் மூச்சு முட்டும், சுவரில் சாய்ந்தே இருந்தாள். பெருநாளைக்கு முந்தைய பகலில் நானும் என் மனைவியும் அங்கே இருந்தபோது அவள் ஹிலு முர் கேட்டாள், தம்ளரில் இல்லை, ஜாடியோடு. டாக்டர் சொன்னது என்று தாஜுஸ்ஸிர் ஆரம்பித்தார்.

"அந்த டாக்டர வரச் சொல்லுங்க, அவர் கையாலயே வாங்கிக் குடிக்கிறேன். ரோடு ரோடுங்கிறீரே டிரைவரே, கொஞ்சம் அந்த ரோட்ட விட்டு இறங்கி வாங்க. தாகமா இருக்கு."

அவர் என்னைப் பார்த்தார். என் மனைவியைப் பார்த்தார். எழுந்து போய் எடுத்துவந்தார். ஜாடியை அவளே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நிறுத்தி நிறுத்தி முழுக்கக் குடித்தாள். சர்க்கரை குறைவு என்றாள்.

பெருநாள் காலையில் தொழுகைக்கு ஒருவரும் பள்ளிக்குப் போகவில்லை. அந்த நேரத்தில்தான் நிமாத்தின் உயிர் போனது. கபர்ஸ்தானுக்குப் போகிற சாலையில் குறிவைத்துச் சுடுகிறவர்கள் கூரை மேல் இருந்தார்கள். குழாயில் தண்ணீர் கிடையாது, பாபிக்கர் கடையில் மிச்சமிருந்த தண்ணீர் பாட்டில்களைத் திறந்து பெண்கள் அவளைக் குளிப்பாட்டினார்கள். தெருவுக்குப் பின்னால் பிள்ளைகள் பந்து விளையாடுகிற மண்திடலில், குனிந்தபடியே ஆழமில்லாமல் வெட்டினோம். சாதாரண நாளாக இருந்தால் அவள் ஜனாஸாவுக்கு அர்க்கவீத்தே திரண்டிருக்கும், பந்தல் போட்டு ஊரே தட்டு தூக்கி வந்திருக்கும். தொழுகைக்கு நாங்கள் நின்றது ஒரு வரிசைகூட ஆகவில்லை. தாஜுஸ்ஸிர் தலைமாட்டில் ஒரு செங்கல்லை நட்டார்.

அதன் பிறகு தெரு காலியாக ஆரம்பித்தது. பாபிக்கர் குடும்பமும் நாங்களும் ஒன்றாகக் கிளம்பினோம். வண்டி கிடைக்காமல் தவித்தபோது தாஜுஸ்ஸிர் ஹையேஸ் சாவியைக் கொண்டுவந்து பாபிக்கர் கையில் வைத்தார். முன்கண்ணாடி இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. உள்ளே தண்ணீர் கேனும் ரொட்டியும் ஏற்றியிருந்தார். வாத் மதனிச் சாலையில் எங்கே பள்ளம் என்று அவருக்குச் சொல்லித் தந்தார். நீங்களும் ஏறுங்கள், நீங்கள் பேருந்து ஓட்டின பக்கம்தானே போகிறோம் என்று எல்லோரும் கெஞ்சினோம்.

"இவளை இந்த மண்ணுல விட்டுட்டு எங்கய்யா வர்றது. அவங்கம்மா பக்கத்துல கொண்டுபோய் வைக்கணும். ரோடு திறந்ததும் வச்சிட்டு வந்துடுறேன்."

பாபிக்கர் கோபத்தோடு வண்டியைக் கிளப்பினார். சாவடிகளில் அந்த வேனை யாரும் அடையாளம் கண்டு சுடவில்லை. கிதிரின் ஆட்கள் அதற்குள் வேறெங்கோ போய்விட்டார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பதில் கொஞ்சம் பொறுத்துப் போயிருந்தால் என்று என் மனைவி ஆரம்பித்தாள். நான் வேண்டாம் என்றேன்.

நாங்கள் எல்லையைத் தாண்டி, இன்னொரு ஊரில், இன்னொருவர் வீட்டு மாடியில் இருந்தபோது அவரிடமிருந்து இரண்டு மூன்று தடவை அழைப்பு வந்தது. சிக்னலுக்காகத் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறிப் பேசுவார். எங்கள் வீட்டுக் கதவை உடைத்து எல்லாவற்றையும் எடுத்துப்போய்விட்டார்கள் என்று வருத்தப்பட்டுச் சொன்னார், தடுக்க முடியவில்லை என்று மன்னிப்புக் கேட்டார். கடைசியாகப் பேசியபோது மழைக்காலம் தொடங்கியிருந்தது. மண்திடலில் இப்போது நிறையப் பேர் இருப்பதாகச் சொன்னார். ஆண்களைக் குளிப்பாட்டுகிற வேலை அவருடையது, தண்ணீர் இல்லாத நாளில் மண்ணைத் தொட்டுத் தயம்மும் செய்துவிடுகிறார். மழை வந்து செங்கற்களைப் புரட்டிப் போட்டதில் எந்தக் குழி யாருடையது என்று இரண்டு குடும்பங்கள் சண்டை போட்டுக்கொண்டார்களாம். நிமாத்துடையது என்று ஒரு இடத்தைத் தான் நினைத்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார்.

ஏதாவது பேச வேண்டுமே என்று, அவர் சொல்லிக்கொண்டிருந்த அந்த ரோடு திறந்திருக்கிறதா என்று கேட்டேன்.

"எந்த ரோடு?" என்றார்.

கிண்டலாகக் கேட்கவில்லை. எது என்று நான் சொல்வதற்காகக் காத்திருந்தார்.